ஆம்னிக்கு 12 இன்ச் போதும்

சேலத்தில் பழைய ஆம்னி வேன் வைத்திருப்பவர் டயர் மாற்றப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கு ஒரு சைஸ் சொல்வார்கள். 13 இன்ச் டிஸ்க் (சக்கர ரிம்) போட்டுடுங்க என்பார் ஒருவர். அலாய் போட்டா வண்டியே மாறிடும் என்பார் இன்னொருவர். குட்டி யானை (டாடா ஏஸ்) டயரையே மாட்டுங்க, தேயவே தேயாது என்பார் மூன்றாமவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், பேசாம வித்துட்டு வேற எடுங்க சார் என்று கதையையே முடித்துவிடுவார். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லாரும் பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: மட்கார்டுக்குள் எது நுழையும்? என் வண்டிக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எவ்வளவு எடையோடு, எந்த ரோட்டில் ஏறி இறங்கப் போகிறது?

எங்கள் ஆம்னி 2008-இல் வாங்கியது. 15 வருஷம் முடிந்து, ஆர்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு கோரிமேட்டில். நாகலூர் பக்கம் அப்பா விட்டுப்போன கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். வண்டி மேலே போகும்போது நான், அக்கா, மாமா, வேலைக்கு வரும் ஒன்றிரண்டு பேர், பின்னால் உர மூட்டை. இறங்கும்போது பருவத்தைப் பொறுத்து காபிக்கொட்டை, மிளகு, சில நேரம் அக்காவின் பூந்தொட்டிகள். சொகுசு காரும் இல்லை, லோடு வண்டியும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் டயர் விஷயத்தில் சிக்கலே.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நடுவில் இருக்கும் 1,200 மீட்டர் உயரத்தை 796 சிசி எஞ்சின் ஏறியாக வேண்டும். ஏறுவதாவது பரவாயில்லை, மூச்சு வாங்கினாலும் ஏறிவிடும். அதே எடையோடு ஈர ரோட்டில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை முதலில் படித்தேன். 145 ஆர் 12 எல்.டி. 6 பி.ஆர். இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல், உள் இழைகள் குறுக்கே நேராக ஓடும் ரகம். 12 என்பது டிஸ்க்கின் விட்டம், இன்ச்சில். இதுவரைக்கும் எல்லாக் கடைக்காரரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரும் எல்.டி., 6 பி.ஆர். இரண்டையும் பலர் பார்ப்பதில்லை. எல்.டி. என்றால் சின்ன லோடு வண்டிக்கான கட்டமைப்பு. 6 பி.ஆர். என்பது பிளை ரேட்டிங், அதாவது உள்ளே இருக்கும் கட்டின் பலம். உள்ளே நிஜமாகவே ஆறு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அந்தப் பலத்துக்குச் சமம் என்றுதான் அர்த்தம். பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்து வழக்கம் அது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக இன்னொரு எண் இருக்கும், லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. 80/78 என்று இருந்தால், ஒரு பக்கத்துக்கு ஒரு டயராக ஓடும்போது ஒரு டயர் 450 கிலோ தாங்கும், லாரி மாதிரி இரட்டையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 425 தாங்கும். அதே அகலம், அதே 12 இன்ச்சில் கார் டயர் ஒன்றும் உண்டு, 145/80 ஆர் 12. அதில் 74 என்று இருக்கும். 74 என்றால் 375 கிலோ. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. டிஸ்க்கில் இரண்டுமே உட்காரும். ஆனால் ஒரு டயருக்கு 75 கிலோ குறைகிறது. மாருதி 800-க்கு வந்த 145/70 ஆர் 12 இன்னும் மோசம். அதில் 69, வெறும் 325 கிலோ. பன்னிரண்டு இன்ச்தானே, இதுவும் அதுதான் என்று ஒரு கடையில் அதைத்தான் எடுத்து உருட்டினார்கள்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலி ஆம்னி 800 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து பேர் ஏறினால் முந்நூறு சொச்சம். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, அதில் நாலு என்றால் 180. மொத்தம் 1,300-ஐ நெருங்குகிறது. நாலு டயர், தலைக்கு 375, ஆக 1,500, போதுமே என்று தோன்றும். ஆனால் எடை நாலு டயரிலும் சமமாக உட்காராது. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. டிரைவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். காலியாக ஓடும்போது பாரம் முன்னால்தான். பின் சீட்டில் ஆள், அதற்குப் பின்னால் மூட்டை என்று ஏற்றினால் கூடுதல் எடை அத்தனையும் பின் ஆக்ஸிலுக்குப் போகும். வண்டி வேறு குட்டை, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் 1,840 மில்லிமீட்டர்தான். மேட்டில் ஏறும்போது இன்னும் கொஞ்சம் பின்னால் சாயும். அப்போது பின் டயர் ஒவ்வொன்றும் 375-ஐ உரசிக்கொண்டுதான் ஓடும். அதில் ஒரு பள்ளம் வந்து விழுந்தால்? எல்.டி. டயரில் அந்த இடத்தில் கை நிறைய மிச்சம் இருக்கிறது. மாருதிக்காரன் முட்டாளாக இருந்து அந்த டயரைப் போடவில்லை.

இனி மாமாவின் 13 இன்ச்.

மாமாவுக்கு வண்டி என்றால் அது நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் பாதி வண்டி. "மாப்ள, இந்தச் சின்ன சக்கரம் பொம்மைக் காரு மாதிரி இருக்கு. 13 போட்டா கம்பீரமா நிக்கும், பள்ளத்துலயும் இறங்காது" என்றார். நண்பர் ஒருவரிடம் அலாய் செட் ஒன்று சும்மா கிடக்கிறதாம். பள்ளத்தைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெரிய சக்கரம் குழியில் குறைவாக இறங்கும். அதனால் எடுத்ததுமே வேண்டாம் என்று சொல்லாமல் பேப்பரில் கணக்குப் போட்டேன்.

டயரின் மொத்த உயரம் கண்டுபிடிப்பது சுலபம். அகலத்தில் இத்தனை சதவீதம் (145/80 என்பதில் அந்த 80) பக்கவாட்டு உயரம், அதை இரண்டால் பெருக்கி, டிஸ்க்கின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சதவீதம் எழுதாத டயருக்குச் சுமார் 80 என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் 145 ஆர் 12-க்கு 145-இல் 80 சதவீதம் 116. இரண்டு பக்கத்துக்கும் 232. அதோடு 12 இன்ச், அதாவது 304.8. மொத்தம் ஏறக்குறைய 537 மில்லிமீட்டர். 13 இன்ச்சில் சின்னக் கார்களுக்கு வரும் 155/65 ஆர் 13-க்கு இதே கணக்கைப் போட்டால் 532. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, கியர் மாறாது, மட்கார்டில் உரசாது. மாமா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன், லோடு இண்டெக்ஸைப் பார்க்கும்வரை. 73. அதாவது 365 கிலோ. சைஸ் கச்சிதம், சுமை சரியில்லை.

சரி, 13 இன்ச்சிலேயே எல்.டி. டயர் இருக்கிறதே? இருக்கிறது. ஈகோவுக்கு வரும் 155 ஆர் 13 எல்.டி. சுமையைப் பற்றிக் கவலையே இல்லை, எங்கள் மூட்டையைப் போல இன்னும் சில மூட்டை தாங்கும். ஆனால் உயரம் ஏறக்குறைய 578 மில்லிமீட்டர். பழையதைவிட 41 மில்லிமீட்டர் அதிகம், எட்டு சதவீதத்தை நெருங்குகிறது. பொதுவாக மூன்று சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். இந்த எட்டு சதவீதம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 65-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும். அது ஒரு பக்கம். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது என்றால், ஒவ்வொரு கியரும் எட்டு சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். சக்கரம் ரோட்டைத் தள்ளும் விசை அதே அளவு குறைகிறது. தொப்பூர் வழியாகத் தருமபுரி போகிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, உர மூட்டையோடு மறுபடி கிளப்பும் வண்டிக்கு அது பெரிய விஷயம். இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் முதல் கியர் கேட்கும். முதல் கியரில் எடுத்த இடத்தில் கிளட்ச் வாசனை வரும். இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்துவது குறைந்து, அந்த வேலை பிரேக்குக்குப் போகும்.

அதோடு, ஆம்னியின் முன் சக்கரம் டிரைவர் காலுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் சுழல்கிறது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதுதான் இடம் பத்தாமல் போகும். சமதளத்தில் முழு ஒடிப்பு பார்க்கிங்கில் மட்டும்தான் வரும். ஏற்காட்டு ரோட்டில் வளைவுக்கு வளைவு வரும், அதுவும் லோடோடு, ஸ்பிரிங் அமுங்கின நிலையில்.

ஆக, 13 இன்ச்சில் உயரம் பொருந்தினது சுமை தாங்காது, சுமை தாங்கினது உயரம் பொருந்தாது. இடையில் 165/65 ஆர் 13 என்று ஒன்று உண்டு. உயரம் 545, ஒன்றரை சதவீதம்தான் கூட. சுமை எண் 77, அதாவது 412 கிலோ. பார்க்க நல்ல சமரசம். ஆனால் அதற்கு டிஸ்க்கின் அகலம் குறைந்தது நாலரை இன்ச் வேண்டும், வேறு டிஸ்க் தேட வேண்டும். டிஸ்க் மாற்றுவது என்று இறங்கினால் டயரைவிடப் பெரிய பஞ்சாயத்து.

டிஸ்க்கில் விட்டத்தை மட்டும் பார்த்தால் ஆகாது. போல்ட் துளைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு, நடுத்துளை, சக்கரம் மாட்டும் ஹப்பில் கச்சிதமாக உட்காருகிறதா, இவை எல்லாம் பொருந்த வேண்டும். நாலு துளை இருக்கும் எல்லா டிஸ்க்கும் ஒன்று இல்லை. வட்டம் சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் நட்டை முறுக்கி ஏற்றிவிடுவார்கள், ஏறியும் விடும். பிறகு அந்த போல்ட் எந்நேரமும் வளைந்த நிலையில் வேலை செய்யும். நட்டின் தலையும் டிஸ்க்கின் துளையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும், அலாய்க்கு பல நேரம் வேறு நட்டே வேண்டியிருக்கும். அப்புறம் ஆஃப்செட். டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. இது மாறினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். மாமா சொல்லும் கம்பீரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பேரிங் மேல் சுமை கூடும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் இழுக்கும், மழைத்தண்ணீர் கதவு முழுக்க அடிக்கும்.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. டயரின் நிலை, அளவு, பிளை ரேட்டிங் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94, 95 என்று தனியாகவே இரண்டு விதிகள். பழைய வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தலுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே பெரிய சக்கரத்தைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. விபத்து என்று ஆகி இன்சூரன்ஸில் கேள்வி கேட்டால் அதைவிடப் பொறுமை வேண்டும்.

அலாய் யோசனை அத்தோடு போனது. "உனக்கு ரசனை பத்தாது மாப்ள" என்றார் மாமா. இருக்கட்டும்.

அடுத்தது குட்டி யானை. இது 13 இன்ச் மாதிரி இல்லை, நிஜமாகவே யோசிக்க வேண்டிய யோசனை. டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதே 145 ஆர் 12 எல்.டி. அளவில்தான் வந்தது, 8 பி.ஆர். ரகம். ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. நின்றுபோன வண்டிக்கு டயர் கிடைக்காமல் போகும் என்று பயந்திருக்கிறேன். கிடைக்கிறது, காரணம் குட்டி யானைதான். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் காலையில் நின்று பார்த்தால் எத்தனை குட்டி யானை என்று எண்ண முடியாது. அவை ஓடும்வரை இந்த அளவு கடையில் இருக்கும். ஆம்னிக்காரர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்படியானால் 8 பி.ஆர். போட்டுவிடலாமா? போடலாம், உள்ளே உட்காரும், சுமை கூடவே தாங்கும். நான் போடவில்லை. 8 பி.ஆர். டயரின் பக்கவாட்டு விறைப்பானது. அது தன் முழுச் சுமையைத் தாங்க அதிகக் காற்றும் கேட்கும். ஆம்னிக்குச் சொல்லியிருக்கும் காற்றில் அது கல்லு மாதிரி இருக்கும், அதிலும் வண்டி காலியாகத் திரும்பும் நாட்களில். காலி ஆம்னியின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. ஈரத்தில் பிரேக் போட்டால் முதலில் பின் சக்கரம்தான் பிடியை விடும். அங்கே விறைப்பான டயர், அதுவும் தேயாமல் நீண்ட நாள் உழைப்பதற்காகக் கெட்டியாகச் செய்த ரப்பர், எனக்கு வேண்டாம். தேயவே தேயாத டயர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ரப்பர் தேய்வதே ரோட்டைப் பிடிப்பதால்தானே. நாள் முழுக்க லோடு அடிப்பவர்களுக்கு 8 பி.ஆர். சரி. எங்களைப் போலப் பாதி நாள் காலி, பாதி நாள் பாரம் என்றால் கம்பெனி கொடுத்த 6 பி.ஆர். போதும்.

சேலம்-நாமக்கல்-சங்ககிரி வட்டாரத்தில் டயர் பேச்சு எடுத்தால் ரீட்ரெட் வராமல் முடியாது. லாரிக்காரர்கள் நிறைந்த ஊர், பட்டன் (ரோட்டைத் தொடும் வரிப்பகுதி) தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஏற்றி ஓட்டுவது இங்கே குடிசைத் தொழிலுக்கு மேலேயே வளர்ந்த கலை. லாரி டயருக்கு அது நியாயமான கணக்கு, அடிக்கட்டு திடமானது, புதுசின் விலையும் அதிகம். 12 இன்ச் வேன் டயருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இன்னொன்றும் உண்டு, மொட்டை டயரைச் சூடான கத்தியால் கோடு கோடாகக் கீறி "செகண்ட்ஸ்" என்று விற்பது. பார்க்கப் பட்டன் ஆழமாகத் தெரியும். கீறினது கீழே இருக்கும் மெல்லிய ரப்பரில், சில நேரம் கம்பி வரைக்கும். இதை மலை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதைவிடப் பஸ்ஸில் போகலாம்.

எங்கள் பழைய டயரில் பட்டன் இன்னும் இருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடுகள் இருக்கும், தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று அடையாளம். எங்களுடையது அதற்கு மேலேயே இருந்தது. அப்புறம் ஏன் மாற்றினேன்? வயசு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3516 என்றால் 2016-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. சேலத்து வெயிலில் ரப்பர் காய்ந்து, பக்கவாட்டில் முடி அளவு வெடிப்புகள் வரும், அதுவும் கீழே அமுங்கும் இடத்தில். ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் போட வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வாங்கும்போதும் அதே நாலு எண்தான். மெதுவாக விற்கும் சைஸ் என்பதால் கடை மாடியில் படுத்துக்கிடந்த பழைய சரக்கு கைக்கு வர வாய்ப்பு அதிகம். ஒரு கடையில் நான் குனிந்து எண்ணைப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "அது வேணாம்ங்க, உள்ள வேற இருக்கு" என்று அவர்களாகவே உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்க வேண்டும். 2009-இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு அது இல்லாமல் டயர் விற்கக்கூடாது. முத்திரையின் மேல் இருக்கும் எண் ஒரு உபகாரம் செய்கிறது. கார் டயருக்கு 15633, லோடு வண்டி ரகத்துக்கு 15636. கடைக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டாம், ஸ்டிக்கரையும் பார்க்க வேண்டாம், அந்த எண்ணைப் பார்த்தால் கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருக்கிறது, பழைய விலையையே சொன்னால் கேட்கலாம்.

டயர் வந்தாயிற்று. மாட்டுவதற்கு முன் டிஸ்க். பழைய இரும்பு டிஸ்க்கில் டயரின் விளிம்பு உட்காரும் இடம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது, வாரத்துக்கு ஒருமுறை இறங்கிவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டுப் போட வேண்டும். நெளிந்தோ வெடித்தோ இருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு டிஸ்க் வாங்கிவிடலாம், இரும்பு டிஸ்க் அப்படி ஒன்றும் விலை இல்லை. மிகப் பழைய வண்டிகளின் டிஸ்க் டியூப் டயருக்கானதாக இருக்கலாம். டியூப்லெஸ் டிஸ்க்கில் உட்புறம் சுற்றிலும் ஒரு சின்ன மேடு இருக்கும், காற்று குறைந்தாலும் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் அதுதான் தடுக்கும். காற்று இறங்குகிறது என்றால் டியூப்லெஸ்ஸுக்குள் டியூப் போட்டுக் கொடுத்துவிடுவது பஞ்சர் கடை வழக்கம். டயரும் டியூபும் உள்ளே உரசி சூடாகும், ஆணி ஏறினால் மெல்ல இறங்க வேண்டிய காற்று ஒரே அடியாக இறங்கும். வால்வு ரப்பரைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், காசு கம்மி, பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாலும் மாற்றக் காசு இல்லை, இரண்டுதான் என்றால் புதுசு எங்கே? முன்னால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஸ்டியரிங் முன்னால் இருக்கிறதே என்று. டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அங்கே டிரைவர் செய்ய ஒன்றும் இருக்காது. பின் சக்கரத்தில் இழுக்கும், பின்னால் இலேசான, குட்டையான ஆம்னிக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்னும் பழைய பின்னல் ரகம் என்று கலப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

காற்று பற்றி ஒரு வேடிக்கையான விஷயம். கோரிமேட்டில் பிடித்த காற்று ஏற்காட்டில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, 1,200 மீட்டருக்கு சுமார் 2 பி.எஸ்.ஐ. வெளியே குறைந்தால் கேஜ் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிர். ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எட்டு, பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஒன்று ஏற்றுவதை இன்னொன்று இறக்கிவிடுகிறது. அதனால் மலைக்குப் போகிறோம் என்று காற்றைக் குறைக்கவோ கூட்டவோ தேவையில்லை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு இருந்தால், பாரம் ஏற்றும் நாளில் பின்னால் பாரக் கணக்கைப் பிடித்தால் போதும். அதுவும் காலையில், வண்டி ஓடாதபோது. அடிவாரம் வந்து இறங்கியதும் டயரும் டிரம்மும் கொதித்துக்கொண்டிருக்கும். 12 இன்ச் டிஸ்க்கில் டிரம்முக்கும் டயருக்கும் நடுவில் இடம் குறைவு, பிரேக் சூடு நேராக உள்ளே போகும். அப்போது அளந்துவிட்டுக் காற்று அதிகம் என்று பிடுங்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்துபோய் நிற்கும்.

பழைய டயர் எப்படித் தேய்ந்தது என்பதையும் தூக்கிப்போடும் முன் பார்த்துவிடுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மெண்ட், அங்கங்கே திட்டுத் திட்டாகக் குழி என்றால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்ஸிங். எங்களுடையதில் முன் டயர் ஒன்று வெளி ஓரத்தில் தேய்ந்திருந்தது. மெக்கானிக் கையால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டியதும் ஸ்டியரிங்கின் டை ராடு முனையில் ஆட்டம் தெரிந்தது. அதை மாற்றி, அலைன்மெண்ட் பார்த்த பிறகுதான் புது டயரை மாட்டினோம். வரிசையை மாற்றினால் புது டயரும் பழைய டயர் போன வழியிலேயே போகும்.

ஸ்டெப்னி கதையையும் முடித்துவிடுகிறேன். டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே ஓட்டலாம் என்று 2020-இல் விதி வந்திருக்கிறது. எங்கள் வண்டியில் அந்தக் கருவி எதுவும் கிடையாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனவர்களுக்குத் தெரியும், நடுவில் டயர் போனால் பஞ்சர் கடை எவ்வளவு தூரம் என்று. பழசில் நல்லதாக ஒன்றை எடுத்து ஸ்டெப்னியாகப் போடுங்க என்றார்கள். பழசு எல்லாமே ஒரே வயசு என்பதால் ஐந்தாவதும் புதுசாகவே எடுத்தேன், அதே சைஸ், அதே எல்.டி. அக்காவுக்கு அந்தச் செலவில் இன்னும் வருத்தம்தான், அந்தக் காசுக்கு மிளகு நாற்றே வாங்கியிருக்கலாமாம்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொருளின் மினுமினுப்பு கொஞ்ச நாள் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓமலூர், ஆத்தூர் என்று சமதளத்திலேயே ஓட்டிவிட்டு மலைக்குப் போவது நல்லது. அதற்குள் ஒருமுறை வீல் நட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுத் திரும்ப இறுக்குங்கள். கடையில் மெஷினால் இறுக்கியிருந்தாலும், பெயிண்ட் அடித்த டிஸ்க்காக இருந்தால் நட்டு கண்டிப்பாகக் கொஞ்சம் சுற்றும்.